பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நாள் தள்ளிப்போய் வயிறும் வலித்தால்

வந்த புதிதில் வீடு, வேலை, வங்கிக் கணக்கு என்று அலைகிற அலைச்சலில், மாதவிலக்கு தள்ளிப்போனதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி எடுத்தால், வாயுப்பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொதிக்கிறது. நாளும் தள்ளி, வலியும் இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது எக்டோபிக் கர்ப்பத்தை; கரு கருப்பைக்குள் தங்காமல் வேறிடத்தில் பதிந்துவிடுவதை.

இங்கே ஏறக்குறைய 90 கர்ப்பங்களில் ஒன்று இப்படி அமைகிறது. பெரும்பாலும் கருக்குழாயில். அரிதாக, குழாய் கருப்பைத் தசைக்குள் நுழையும் இடத்திலோ பழைய சிசேரியன் தழும்பிலோ பதியும். தசை விரிந்து கொடுப்பதால், குழாய் தசைக்குள் நுழையும் இடத்தில் பதிந்த கர்ப்பம் தாமதமாக வெடிக்கக்கூடும். வெடித்தால் ரத்தம் கொட்டும். ஆகவே எட்டு வாரம் தாண்டியாயிற்று என்று நிம்மதி அடைய வேண்டாம். முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தோள் முடிந்து கை தொடங்கும் இடத்தில் வலித்தால் பெட்டி தூக்கியதால் என்று நினைக்காதீர்கள். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தினாலும் அங்கேதான் வலிக்கும். அதோடு தலைசுற்றல், மயக்கம், கடும் வலி இருந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 999. லேசான வலியும் பழுப்பு நிறக் கசிவும் மட்டும் என்றால் அன்றே ஜி.பி. (குடும்ப மருத்துவர்) அல்லது 111 (மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண்), அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜி.பி.யிடம் பதியாதவர்களும் அவசரப் பிரிவுக்குப் போகலாம். இங்கிலாந்தில் அந்தப் பிரிவின் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது.

அங்கே, "வயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. கடைசி மாதவிலக்கு வந்த தேதியை முதலில் சொல்லுங்கள். "தமிழ் இன்டர்பிரிட்டர்" என்று கேட்டால் இலவசமாக, பெரும்பாலும் தொலைபேசியில், ஏற்பாடு செய்வார்கள். முந்தைய கருக்கலைப்பு பற்றியெல்லாம் கேட்பார்கள். அதைக் கணவரையோ மாமியாரையோ வைத்து மொழிபெயர்க்கச் சொல்வது யாருக்கும் சங்கடம்தான். மணமாகாத மாணவிகளும் தயங்க வேண்டாம், வீட்டுக்குத் தகவல் போகாது.

முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டால், ஆபத்து நீங்கியதாக அர்த்தமில்லை. கரு எங்கே இருக்கிறது என்று இன்னும் புலப்படவில்லை, அவ்வளவுதான். 48 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் கர்ப்ப ஹார்மோன் ஏறும் வேகம்தான் துப்பு. வலி குறைந்துவிட்டாலும், வேலையில் விடுப்புக் கிடைக்காவிட்டாலும், அதற்குப் போய்விடுங்கள்.