மோரோ வாள் வாங்கும்முன் பிடியின் அடியைப் பாருங்கள்

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ, சூலு தீவுகளில் வாழும் மோரோ முஸ்லிம்களின் பழைய வாளைக் கையில் எடுத்ததும் எல்லோர் கண்ணும் அலகின் நெளிவுக்குத்தான் போகும். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். நெளிவை இன்றைய பட்டறையிலும் அடித்துவிடலாம். பிடியும் அலகும் சேரும் இடத்தில்தான் குட்டு உடையும்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள். கிரிஸ் இருபுறமும் கூர் உள்ளது. நெளிந்தும் இருக்கும், நேராகவும் இருக்கும், பாதி நெளிந்து பாதி நேராகவும் இருக்கும். பாரோங், சூலு பக்கத்துத் தௌசூக் மக்களின் வாள்: இலை வடிவம், ஒருபக்கம் கூர், முதுகு நல்ல தடிமன். கம்பிலான் நீளமானது, நுனிக்குப் போகப் போக அகலும், பிடியின் முனை வாய் பிளந்து நிற்கும்.

கிரிஸ் என்றால் லென்ஸை எடுங்கள். அலகின் தலைப்பில் 'கங்யா' என்ற குறுக்குப் பகுதி இருக்கும். பழைய வாள்களில் அது தனி இரும்புத் துண்டு. அலகோடு சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். 19ஆம் நூற்றாண்டு வாள்களில் அந்தக் கோடு நேராக வந்து, முடிவில் சுமார் 45 பாகை சாய்ந்து இறங்குவது வழக்கம். 20ஆம் நூற்றாண்டில் போகப் போக இரண்டையும் ஒரே துண்டாக அடித்தார்கள். சிலர் கோட்டை மட்டும் கீறி வைத்தார்கள். வாளைப் பக்கவாட்டில் திருப்பி விளிம்பைப் பாருங்கள். உண்மையான இணைப்பு விளிம்பிலும் தொடரும். கீறல் முகத்தோடு நின்றுவிடும்.

அப்புறம் 'அசாங்-அசாங்'. அலகைப் பிடியோடு இறுக்கும் உலோகப் பட்டை இது. வெள்ளி, பித்தளை, சுவாசா என்ற தங்கச் செம்புக் கலவை என்று பலவிதம். சில வாள்களில் ஒன்று, சிலவற்றில் இரண்டு. அது பிடிக்குள் ஏறி, சுற்றிய கயிற்றுக்கும் பூணுக்கும் அடியில் போக வேண்டும். வெளியே ஒட்டி வைத்த பட்டை வெறும் அலங்காரம்.

பிடியின் தலை பெரும்பாலும் காக்கட்டூ கிளியின் வடிவம்: ஒருபக்கம் கிளி மூக்கு, மறுபக்கம் கொண்டை. கொண்டை மிகப் பெரிதாக இருந்தால் 'ஜுங்காயான்' என்பார்கள். பெரிய மனிதர்கள் வைத்திருந்தது. தந்தம் என்றால் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். தெரிந்தாலும் இந்தியாவில் இருப்பவர்கள் கையை எடுத்துவிடுங்கள். தந்த வியாபாரம் இங்கே சட்டப்படி குற்றம். பளபளவென்று முத்துச்சிப்பி பதித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். சுற்றுலாப் பயணிகளுக்கென்று அப்படி நிறையச் செய்தார்கள்.

உறை இரண்டு பலகைகளைச் சேர்த்துக் கட்டியது. வாளை உருவும்போது விளிம்பில் விரல் வைக்காதீர்கள். கட்டு தளர்ந்திருந்தால் கூர் வெளியே வரும்.

விற்பவர் "1906 புட் டாஜோ சண்டையில் எடுத்தது" என்பார். சூலுவில் அமெரிக்கப் படை மோரோக்களோடு போட்ட சண்டை அது. அமெரிக்கச் சிப்பாய்கள் நிறைய வாள்களை ஊருக்குக் கொண்டுபோனது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துச் சீட்டோ கடிதமோ கூட இல்லையென்றால் கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.