பயங்கரவாதத் தடுப்பு: எல்லை ஸ்டேஷனிலிருந்து தெரியும் தவறுகள்

எங்காவது குண்டு வெடித்தால் மறுநாளே உளவுத்துறை தூங்கிவிட்டது என்பார்கள். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் போலீஸ் தனிப்பிரிவில், அதாவது ரகசியத் தகவல் திரட்டும் பிரிவில், வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தகவல் பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபைலில் இருக்கும், வேண்டியவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இது புரியாமல் இன்னும் ஆள் வேண்டும், இன்னும் கேமரா வேண்டும் என்று கேட்பதுதான் முதல் தவறு.

2001 செப்டம்பர் 11 விமானக் கடத்தல்காரர்களில் இருவரைப் பற்றி சி.ஐ.ஏ.வுக்கு 2000-ன் தொடக்கத்திலேயே தெரியும். கண்காணிப்புப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியதோ 2001 ஆகஸ்ட் கடைசியில். வெள்ளை மாளிகையில் பயங்கரவாதத் தடுப்பைக் கவனித்துவந்த ரிச்சர்ட் கிளார்க், 2004-ல் விசாரணை ஆணையத்தின் முன் இறந்தவர்களின் குடும்பங்களிடம் அரசும் தவறிவிட்டது, நானும் தவறிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். உள்ளே இருந்தவர் ஒருவர் அப்படிச் சொல்வது அபூர்வம்.

நம்மூருக்கு வருவோம். நாடுகாணியிலிருந்து காட் ரோட்டில் இறங்கினால் கேரளாவின் வழிக்கடவு. காட்டில் புது ஆட்கள் நடமாட்டம் என்று இங்கே ஒரு ஏட்டு எழுதினால், அது டி.எஸ்.பி., ஊட்டி எஸ்.பி. ஆபீஸ், சென்னை, திருவனந்தபுரம், மலப்புரம் என்று ஊர் சுற்றித்தான் வழிக்கடவு ஸ்டேஷனுக்குப் போகும். அதே சேதி அன்று சாயங்காலமே பஸ் கண்டக்டருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கத்து எஸ்.ஐ.க்களும் மாதம் ஒருமுறை சேர்ந்து டீ குடித்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். மாநில அளவிலான ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் நான் கண்ட பலன் முந்திரி பக்கோடாதான்.

அடுத்தது, இதைவிடப் பெரிய தவறு. மாவோயிஸ்ட்டுகள் ராத்திரி துப்பாக்கியோடு வந்து அரிசி கேட்டால் பணியர் பழங்குடியினர் காலனியில் யார் இல்லையென்று சொல்ல முடியும்? விடிந்ததும் அதற்காக அவர்களையே ஜீப்பில் ஏற்றினால், அடுத்த தடவை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வீரப்பன் வேட்டையில் ஊர் ஊராக அடித்து விசாரித்த வருடங்களிலெல்லாம் ஆள் சிக்கவில்லை. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே கதை முடிந்தது, கண் சிகிச்சைக்கென்று ஆம்புலன்ஸில் ஏறவைத்த ரகசிய ஏற்பாட்டால். அடிபட்டவர்களில் 89 பேருக்கு ரூ.2.80 கோடி இழப்பீடு தரச்சொல்லி 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது.

மாவோயிஸ்ட் துண்டறிக்கையைப் பறிமுதல் செய்கிறவர்கள் அதைப் படிக்கவும் வேண்டும். பட்டா, ரோடு, செக்‌ஷன் 17 (ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வந்து உரிமை தீராமல் கிடக்கும்) நிலத்தில் இருக்கும் வீட்டுக்குக் கரண்ட் கனெக்‌ஷன்... மனுநீதி நாளில் வந்த மனுக்களும் இவைதான். மனு தாசில்தார் மேசையில் கிடக்கும்வரை துண்டறிக்கைக்கு வாசகர் இருப்பார்.

சட்டத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. 1985-ல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா வந்தது, 1995-ல் காலாவதியானது. 2002-ல் அதேபோல் பொடா, 2004-ல் ரத்து. ஏட்டின் ரிப்போர்ட் போகும் வழி மட்டும் மாறவில்லை.

எண்ணிக்கை மோகத்தையும் விட வேண்டும். கர்நாடக எல்லையில் இருக்கும் கக்கநல்லா செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டில், இ-பாஸ், பசுமை வரி எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. சீசனில் வண்டி வரிசை நீளும்போது இன்றைக்கு இத்தனை வாகனம் தணிக்கை என்று மேலே அனுப்புவது சுலபம். அதில் எத்தனை டிக்கி திறந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, கமாண்டோ வந்து பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு. 2008 நவம்பரில் மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது என்.எஸ்.ஜி. என்ற மத்திய அரசின் கமாண்டோ படை டெல்லிக்குப் பக்கத்து மானேசரிலிருந்து வர வேண்டியிருந்தது. இப்போது சென்னையிலும் மையம் இருக்கிறது, சரி. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பர்லியாறு ரோட்டில் மண் சரிந்தால்? 2021 டிசம்பர் 8-ல் குன்னூர் அருகே விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தது விபத்துதான், தாக்குதல் இல்லை. ஆனால் முதலில் தண்ணீரும் கம்பளியுமாக ஓடியவர்கள் நஞ்சப்பசத்திரத்து மக்கள். நம் ஒத்திகைகளிலோ ஊர்க்காரர் என்றால் கயிறு கட்டி ஓரமாக நிறுத்தப்படும் கூட்டம்தான்.