உதவி பண்றோம்னு கிளம்பி நாங்க பண்ண தப்புங்க

மலேசியால ஸ்கூலுக்கு வெள்ளை ஷூ போயி கறுப்பு ஷூ கட்டாயம்னு ஆனது 2021ல. ஊருக்கே தெரிஞ்ச விஷயம், எங்க கிளப்புக்கு மட்டும் மண்டைல ஏறல போல. அதுக்கு அப்பறம் ஒரு தடவ ஸ்கூல் தொறக்கற நேரத்துல ஒரு கடைக்காரர் கூப்ட்டு அறுபது ஜோடி ஷூ தரேன், ஏழைப் பிள்ளைங்களுக்கு குடுங்கன்னாரு. நாங்களும் ஆகா ஓகோன்னு வேன் எடுத்துட்டு போயி ஏத்திட்டு வந்து, மண்டபத்துல மேடை போட்டு, பேரு கூப்ட்டு கூப்ட்டு குடுத்துட்டோம். அறுபதும் வெள்ளை. ஒருத்தரும் மூச்சு விடல. ரெண்டு வாரம் கழிச்சு பசார்ல பாத்த ஒரு அக்கா தான் மெல்ல சொன்னாங்க, "தம்பி, அந்த ஷூவுக்கு நான் கறுப்பு பாலிஷ் அடிச்சி அனுப்பறேன், மழ பேஞ்சா சாயம் போயி காலெல்லாம் கறுப்பாயிடுது." அந்தப் பேச்ச கேட்டு எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல.

நான் சுங்கை சிப்புட் பக்கம். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவுல இருக்கற ஊரு, சுத்தி ரப்பர், செம்பனை, பழைய தோட்டங்க. பன்னெண்டு வருஷமா ஒரு சேவை கிளப்புல இருக்கேன், நாலு வருஷம் செயலாளரா குப்ப கொட்டியாச்சு. புதுசா யாராச்சும் சேவை, நன்கொடைன்னு கிளம்பறாங்கன்னா நாங்க பண்ண கூத்தெல்லாம் தெரிஞ்சிக்கிட்டு போகட்டுமேன்னு எழுதறேன். ஷூ கதைல இருந்தே பிடிச்சிருப்பீங்க, எங்க தப்புல முக்காவாசி ஒரே வகை தான், வாங்கப்போற ஆளுகிட்ட ஒரு வார்த்த கேக்காம கிளப் மேசைல உக்காந்து முடிவு பண்றது.

நேரத்த எடுத்துக்கங்க. முதல் தடவ தோட்டத்துல இலவச மருத்துவ முகாம் போட்டப்ப சனிக்கிழமை காலைல 9 மணின்னு பேனர் அடிச்சிட்டோம். டாக்டரு வந்தாரு, நர்ஸ் வந்தாங்க, நாற்காலி எல்லாம் போட்டாச்சு, ஆளத் தான் காணோம். கடைசில கிளப் மெம்பருங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் பிரஷர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். பதினோரு மணி வாக்குல மண்டோர், அதான் தோட்டத்து கங்காணி, மோட்டார்ல வந்தவரு சிரிச்சிட்டே, "மரத்துக்கு போனவங்க பால் எடுத்து கொண்டாந்து ஊத்திட்டு குளிச்சிட்டு வர ரெண்டு மணி ஆவும், இப்ப யாரு சார் வருவா"ன்னாரு. விடியறதுக்கு முன்னாடி வேலைக்கு எறங்கற ஊர்ல காலைல 9 மணிங்கறது நம்ப ஆபீஸ் கணக்கு. அதே மாதிரி மேனேஜருக்கு முன்கூட்டியே லெட்டர் போடாம போனீங்கன்னா கேட்ல ஜாகா, அதான் காவக்காரரு, விட மாட்டாரு, அது அவரு தப்பும் இல்ல, தோட்டம் தனியார் நிலம்.

இன்னொன்னு, நம்பகிட்ட இருக்கற லிஸ்ட்டு. எங்க ஃபைல்ல இருந்த பேருல பாதிப்பேரு லயத்த, அதான் தோட்டத்து வரிசை வீட்ட விட்டு எப்பவோ தாமான்னு சொல்ற குடியிருப்புக்கும் மலிவு விலை பிளாட்டுக்கும் போயாச்சு. லயத்துல இப்ப வங்காளதேசம், இந்தோனேசியா ஆளுங்க இருக்காங்க. கஷ்டப்படற நம்ப சனம் இன்னிக்கு பிளாட்டு நாலாவது மாடில வாடகை கட்ட முடியாம உக்காந்திருக்கு, நாம தோட்டம் தோட்டம்னு பழைய நெனப்புல அரிசி மூட்டைய தூக்கிட்டு அலையறோம்.

இப்ப ஹேம்பர் விஷயத்துக்கு வரேன், இது எனக்கு ரொம்ப நாளா உறுத்தற ஒன்னு. தீவாளிக்கு நாங்க குடுக்கற பைல என்ன இருக்கும்? அரிசி, எண்ணெய், ரெண்டு கிலோ சீனி, டின் பால் ரெண்டு, மைலோ, ஆரஞ்சு தண்ணி போத்தல், மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டு, ஒரு டின் பிஸ்கட். 2019ல சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வுல இந்த நாட்டு பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டு பேருக்கு இனிப்பு நீர், அதாவது அஞ்சுல ஒருத்தருக்கு கிட்ட. நம்ப இந்தியர் கணக்க மட்டும் தனியா எடுத்தா 31.4 விழுக்காடு. மூணு பேரு நின்னா ஒருத்தருக்கு சக்கர வியாதின்னு வச்சிக்கங்க. அந்த வீட்டுக்கு நாம சீனியும் டின் பாலும் சுமந்துட்டு போயி குடுத்துட்டு, ரெண்டு மாசம் கழிச்சு அதே ஆள முகாம்ல உக்கார வச்சி விரல குத்தி ரத்தம் எடுத்து "என்னாம்மா இவ்ளோ ஏறியிருக்கு"ன்னு திட்றோம். இதுக்கு மேல என்ன சொல்ல. இப்ப பைல பருப்பு, பச்சப்பயறு, முட்டை, டின் சார்டின், ஆட்டா மாவு, சமையல் எண்ணெய் போடறோம், மிச்சத்துக்கு பக்கத்து மளிகைக்கடை கூப்பன். கூப்பன் குடுத்தா சிகரெட்டு வாங்கிடுவாங்கன்னு கிளப்புல ஒரு பெரியவரு சண்ட போட்டாரு. வாங்கினது பூரா வெங்காயம், மீன், பெம்பர்ஸ்.

முகாம்லயும் ஒரு கோளாறு இருக்கு. நாசி லெமாக் சாப்ட்டு தே தாரிக் குடிச்சிட்டு நேரா வர்ற ஆளுக்கு சக்கர டெஸ்ட் எடுத்தா 9, 10ன்னு (mmol/L கணக்குல) காட்டும், பக்கத்துல நிக்கற வாலண்டியர் பையன் "ஆண்ட்டி உங்களுக்கு டயபெட்டிஸ்"னு சொல்லிடுவான், அந்தம்மா அழுதுக்கிட்டே வீட்டுக்கு போவாங்க. சாப்பிட்டு வந்தாங்களா, எட்டு மணி நேரம் வெறும் வயிறா வந்தாங்களான்னு சீட்டுல முதல்ல எழுதணும், நம்பர பாத்து விளக்கம் சொல்றது டாக்டரு வேலை. அதோட, ஏறியிருக்குன்னு சொல்லிட்டு கைய விட்றக் கூடாது. கிளினிக் கெசிஹத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) தான், ஆனா அங்க போக மோட்டார் இல்லாத பாட்டி இருக்காங்க, நம்பர் எழுதின சீட்ட தலகாணிக்கு அடில வச்சிட்டு அப்படியே விட்ருவாங்க. முகாம் நடத்தி முடிச்ச அடுத்த வாரம் ரெண்டு காரு எடுத்து சக்கர ஏறியிருந்த பத்துப் பேர கிளினிக்குக்கு கூட்டிட்டு போனா தான் முகாம் முடிஞ்ச மாதிரி.

ரத்த தானத்துக்கு ஒரே ஒரு அட்வைஸ், தேதிய ஆஸ்பத்திரி ரத்த வங்கிகிட்ட கேட்டுட்டு பேனர் அடிங்க, பேனர் அடிச்சிட்டு கேக்காதீங்க. எடை 45 கிலோவாச்சும் இருக்கணும், முந்தின ராத்திரி அஞ்சு மணி நேரமாச்சும் தூங்கியிருக்கணும், சாப்ட்டிருக்கணும், 17 வயசுப் பிள்ளைன்னா அம்மாப்பா கையெழுத்து வேணும். ஒரு பெரிய கல்யாணத்துக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை காலைல நாங்க வச்சி, வந்த ஆளுல பாதிய திருப்பி அனுப்பினாங்க. தைப்பூச விரத நேரத்துல வச்சாலும் அதே கதி தான். முஸ்லிம்களோட நோன்பு மாசத்துல ரத்த இருப்பு கொறையும், அப்ப நம்ப ஆளுங்க போனா நல்ல உதவி, அத யோசிக்கலாம்.

காசு விஷயம். இதுல தான் கிளப்பு உடையும், சொந்தம் உடையும். உண்டியல் டின்ன தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுலயும் வீடு வீடாவும் வசூல் பண்றது சும்மா பண்ணலாம்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. அதுக்குன்னு 1947ல இருந்தே ஒரு சட்டம் இருக்கு, போலீஸ் லைசென்ஸ் வாங்கணும். நல்ல எண்ணம் இருக்கே, அது பத்தாதான்னு கேட்டா, பத்தாது. அடுத்து, பொருளாளரோட சொந்த அக்கவுண்ட் கியூஆர்ர வாட்ஸாப் குரூப்ல போடறது. அவசரம், பிள்ளைக்கு ஆபரேஷன், கிளப் அக்கவுண்ட்ல கையெழுத்து போட ரெண்டு பேரு வேணும், அதனால இதுல போடுங்கன்னு ஆரம்பிக்கும். அந்த மனுஷன் யோக்கியனா இருக்கலாம், எங்க பொருளாளர் அப்படித்தான், ஒரு சென்னு எடுக்கல. ஆனா சம்பளக் காசு, வீட்டு லோன், தானக் காசு எல்லாம் ஒன்னா கலந்து கெடந்தா யாருக்கு கணக்கு காட்டறது? கடைசில அவரு பொண்டாட்டி தான் ஊர் வாய்ல விழுந்தாங்க. லயன்ஸ் கிளப்ல இதுக்கு ஒரு பழைய முறை வச்சிருக்காங்க, பொதுமக்கள்கிட்ட வாங்கின காசு ஒரு கணக்கு, மெம்பர் சந்தா இன்னொரு கணக்கு, மீட்டிங் சாப்பாட்டுக்கோ சட்டைக்கோ பொதுக் காசுல கை வைக்க முடியாது. எந்தக் கிளப்பா இருந்தாலும் காப்பி அடிக்கலாம்.

நம்ப ஊரு துன் சம்பந்தன், அந்தக் கால அமைச்சரு, தொழிலாளிங்களே சேந்து தோட்டம் வாங்கட்டும்னு 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சப்ப, வெள்ளக்கார கம்பெனிங்க தோட்டத்த துண்டு போட்டு வித்துட்டு போயிட்டு இருந்த காலம், ரப்பர் மரத்துல பால் எடுக்கற ஆளுங்க சம்பளத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத் தான் பங்குப் பணம் கட்டினாங்க. எங்க தாத்தா அந்த ரசீதெல்லாம் பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருந்தாரு. படிக்கத் தெரியாத மனுஷன், ரசீத மட்டும் தொட விட மாட்டாரு. அஞ்சு வெள்ளி குடுத்தாலும் ரசீது குடுங்க. ஆனா வரி விலக்கு ரசீதுன்னு வாய் தவறிக்கூட சொல்லாதீங்க, வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவுல ஒப்புதல் வாங்கின அமைப்புங்க தான் அத தர முடியும், சங்கமா பதிஞ்சிருந்தா மட்டும் பத்தாது. சங்கமா பதிஞ்சவங்க ஆண்டுக்கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கைய அனுப்பிடுங்க, செயலாளரா நான் ஒரு வருஷம் அசந்துட்டு பட்ட பாடு எனக்குத் தான் தெரியும்.

போட்டோ. அரிசிப் பைய ஒரு பக்கம் தலைவரு பிடிப்பாரு, இன்னொரு பக்கம் அந்தம்மா பிடிப்பாங்க, நடுவுல பேனர், ரெண்டு மணி நேரம் லேட்டா வந்த ஒய்பி (மக்கள் பிரதிநிதி), அதுவரைக்கும் வெயில்ல பிளாஸ்டிக் நாற்காலில காத்துக்கிட்டு இருந்த கெழவிங்க. ஃபேஸ்புக்ல ஏறினதும் முந்நூறு லைக். அந்தப் போட்டோல இருந்த ஒரு பையன ஸ்கூல்ல ‘ஹேம்பர்’னு பட்டப்பேரு வச்சி கூப்ட்டிருக்காங்க, அடுத்த வருஷம் அவங்கம்மா எங்க வண்டிய பாத்ததும் கதவ சாத்திட்டாங்க. அவங்களுக்கு அரிசி வேணாம்னு இல்ல. இப்ப நாங்க முகம் தெரியற போட்டோ எடுக்கறதே இல்ல, கணக்குக்கு பொருள அடுக்கி வச்சி ஒன்னு எடுப்போம், ராத்திரி ஏழு மணிக்கு மேல மோட்டார்ல ரெண்டு ரெண்டு பேரா போயி வீட்டுல வச்சிட்டு வந்துருவோம். ஸ்பான்சர் ஒருத்தரு போட்டோ இல்லன்னா காசு இல்லன்னாரு. சரிங்க சார்னு விட்டுட்டோம்.

கொத்தோங் ரோயோங்ல, அதான் ஊர் கூடி பண்ற துப்புரவுல, புல்லு வெட்டி, டீ குடிச்சி, டிங்கி (டெங்கு) ஒழிச்சாச்சுன்னு வீட்டுக்கு போறது இன்னொரு வேடிக்கை. ஏடிஸ் கொசு புல்லுல முட்ட போடறதில்ல, தேங்கி நிக்கற தண்ணில போடுது, பூத்தொட்டித் தட்டு, டயரு, தோட்டத்துல கேக்கவே வேணாம், பால் எடுக்காம விட்ட ரப்பர் மரத்துல தொங்கற, பால் பிடிக்கற மங்கு ஒவ்வொன்னுலயும் மழத்தண்ணி. முட்டை கொசுவா மாற ஒரு வாரம், பத்து நாளு தான் ஆகும், அப்பறம் வருஷத்துக்கு ஒரு தடவ பேனரோட போனா என்ன பிரயோசனம்? தண்ணிய கொட்டினா மட்டும் போதாது, உள்பக்கம் தேச்சி கழுவணும், முட்டை காஞ்சு கெடந்தாலும் மாசக்கணக்குல உசுரோட இருக்கும். நாங்க இப்ப ஆறாம் வகுப்புப் பிள்ளைங்கள வச்சி வாரா வாரம் பத்து வீடு பாக்கறோம். அதுங்க பெரியவங்கள விட கறாரு.

சாப்பாடு குடுக்கறவங்க காலண்டர பாருங்க. புரட்டாசி சனிக்கிழமைல கோழி பிரியாணி பொட்டலம் நூத்தம்பது கொண்டு போன கிளப்பு எங்களுது. முதியோர் இல்லத்துக்கும் இதே தான், தீவாளி வாரத்துல ஒரே நாள்ல மூணு குரூப்பு சாப்பாட்டோட வந்து நிக்கும், மார்ச் மாசம் எட்டிப் பாக்க ஆளு இருக்காது. போன் அடிச்சி என்ன வேணும்னு கேட்டா பெரியவங்க டயப்பர், சோப்புத் தூள், கரண்டு பில்லுன்னு சொல்வாங்க. பழைய துணி வேணாம்னு தான் சொல்வாங்க.

கடைசியா ஒன்னு, இது விளையாட்டு இல்ல. பொறப்புப் பத்திரம், ஐசி (அடையாள கார்டு) இல்லாத கேஸு வரும்போது "நான் பாத்துக்கறேன் அக்கா"ன்னு அவங்ககிட்ட இருக்கற மத்த பத்திரத்தோட அசல வாங்கி காரு டேஷ்போர்டுல போடாதீங்க. எங்க மெம்பரு ஒருத்தரு அப்படி வாங்கினது அஞ்சு மாசம் காணோம், சீட்டுக்கு அடில கெடந்துச்சு, அந்தக் குடும்பம் அதுவரைக்கும் தூங்கியிருக்காது. நகல் மட்டும் வாங்குங்க, தேசியப் பதிவிலாகாவுக்கு அவங்கள கூடவே கூட்டிட்டு போங்க, கிடைச்சிரும்னு வாக்கு குடுக்காதீங்க. பிள்ள பொறந்து 60 நாளுக்குள்ள பதியணும், தாண்டினா தாமதப் பதிவு, சாட்சி, பேட்டின்னு இழுக்கும். அதனால கர்ப்பமா இருக்கற பொண்ணுங்க வீட்டுக்கு ஹேம்பர் கொண்டு போறப்பவே அம்மாப்பா ஐசி, கல்யாணப் பதிவு எல்லாம் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க. போன மாசம் அப்படி கேக்கப் போன வீட்டுல கோயில்ல மட்டும் தாலி கட்டியிருக்காங்க, பதியல, பொண்ணுக்கு எட்டாவது மாசம். செவ்வாக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிட்டு போறோம், எங்க வேன் கிளம்பினா.