கார்கெமிஷ் கற்களை எப்படிப் பார்ப்பது?

அங்காராவில் உள்ள அனடோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்குப் போனால், கார்கெமிஷ் என்ற பழங்கால நகரத்தின் சிற்பங்களைத் தயவுசெய்து அவசரமாகக் கடந்து போய்விடாதீர்கள். போகுமுன் வரைபடத்தில் துருக்கி-சிரியா எல்லையைப் பெரிதாக்கி, யூப்ரடீஸ் ஆற்றின் மேற்குக் கரையில் அந்த ஊர் இருக்கும் இடத்தைப் பாருங்கள், ஏனென்றால் ஆற்றைக் கடக்கும் அந்தத் துறைக்காகத்தான் இவ்வளவு சண்டையும் கோட்டைச் சுவர்களும்.

இரண்டு பெயர்களை நினைவில் வைத்தால் போதும். இன்றைய துருக்கியில் பேரரசு நடத்திய ஹிட்டைட் மக்களின் மன்னன் முதலாம் சுப்பிலூலியுமா கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் ஏழு நாள் முற்றுகையிட்டு எட்டாம் நாள் ஊரைப் பிடித்தான். பிறகு மகன் பியாசிலியை அங்கே அரசனாக்கினான். கி.மு. 717-இல் இன்றைய வடக்கு ஈராக்கில் இருந்த அசீரியாவின் மன்னன் இரண்டாம் சர்கோன் அதைத் தன் பேரரசோடு சேர்த்துக்கொண்டான்.

சரி, இப்போது எழுத்துக்கு வாருங்கள். இதுதான் எனக்கு மிகப் பிடித்தது. இந்தக் கற்களில் பொறித்திருப்பது லூவிய மொழி, அனடோலியாவின் பழைய மொழிகளில் ஒன்று. அதன் சித்திர எழுத்தில் மனித, விலங்குத் தலைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம்தான் வரியின் தொடக்கம். அடுத்த வரியில் தலைகள் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், ஏர் ஓட்டுகிறவர் வரப்பில் மாட்டைத் திருப்புவதுபோல. மொழி தெரியாமலேயே விரலால் காற்றில் அந்த ஓட்டத்தைப் பின்தொடரலாம், செய்து பாருங்கள். அப்புறம் வீரர்கள் வரிசையாக நடக்கும் பலகைகளுக்குப் போங்கள்.