இந்த செல் அம்மாவுடையதா, பிள்ளையுடையதா? பிளஸ் டூ உயிரியலில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

தாண்டிக்குடிப் பக்கம் வளரும் அரபிகா காபிச் செடியின் இலை செல்லில் 44 குரோமோசோம்கள். அதே செடியில் சிவந்து பழுத்த பழத்தைப் பிதுக்கினால் வழுக்கிக்கொண்டு ஒரு கொட்டை வருகிறது. வறுத்து அரைக்கிற அதே கொட்டை. அதன் செல்லில் எத்தனை? 44 என்றோ 22 என்றோ எழுதிவிட்டுப் பலரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். விடை 66.

காபிக் கொட்டையின் பெரும்பகுதி கருவூண், அதாவது கருவுக்கு உணவாகும் திசு. மகரந்தக் குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண் கேமீட்டுகளில் (பால் செல்களில்) ஒன்று அண்டத்தோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று மைய செல்லில் இருக்கும் இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்கிறது. ஆக 22, 22, 22. கருவுக்கு 44தான்; அது கொட்டையின் ஒரு முனையில் ஒளிந்திருக்கும் சின்னக் குச்சி. கூடலூர்ப் பக்கத்து ரொபஸ்டாவில் இலைக்கு 22, எனவே கொட்டைக்கு 33.

இங்கேயே இன்னொரு குழி இருக்கிறது. கருவூண் என்றால் மூன்று மடங்கு என்று மனப்பாடம் செய்துவிட்டு, இலையின் எண்ணையே மூன்றால் பெருக்கி 132 என்று எழுதுவது. பெருக்க வேண்டியது கேமீட்டின் எண்ணை. இலையின் எண்ணை முதலில் பாதியாக்குங்கள், பிறகு மூன்றால் பெருக்குங்கள். கறாராகச் சொன்னால் அரபிகாவே நான்மடியச் செடி, நான்கு குரோமோசோம் தொகுதிகள் கொண்டது. அதன் கருவூணை மும்மடியம் என்று எழுதுவதும் சரியில்லை. தேர்வில் அவ்வளவு தூரம் கேட்கமாட்டார்கள், எண்ணைத்தான் கேட்பார்கள்.

இனப்பெருக்கப் பாடத்திலும் மரபியலிலும் விழும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன: கண்ணெதிரே இருக்கும் செல் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று கேட்காமலே கணக்கைத் தொடங்கிவிடுவது.

விதைக்குள் மூன்று பேர்

ஒரு விதைக்குள் மூன்று வகை ஆட்கள் குடியிருக்கிறார்கள். விதையுறை அம்மாவின் திசு, சூலுறையிலிருந்து வந்தது. கரு பிள்ளை. கருவூண் இரண்டுமில்லாத, பிள்ளையோடு கூடப் பிறந்து பிள்ளைக்கே உணவாகிப் போகும் திசு. கனியின் தோலும் சதையும் அம்மாவின் சூற்பை. ஆக, எந்த மரத்தின் மகரந்தம் வந்து விழுந்தாலும் பிளம்ஸ் பழத்தின் சதை அந்தத் தாய் மரத்தின் மரபணுவைத்தான் காட்டும், மாற்றம் விதைக்குள்தான்.

மிளகில் கதை வேறு. ஒரு மிளகை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிளேடால் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக நிறைந்திருப்பதைக் கருவூண் என்று குறித்தால் தவறு. அது பெரிஸ்பெர்ம், தீராமல் மிஞ்சிய சூல்திசு. அம்மாவின் செல், எனவே இருமடியம். கருவும் கொஞ்சம் கருவூணும் ஒரு முனையில் துளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். பீட்ரூட் விதையிலும் பெரிஸ்பெர்ம்தான். பீட்ரூட் பற்றி ஊட்டித் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு செய்தி மாணவர்களைக் குழப்பும்: ஒரு ‘விதை’ போட்டால் இரண்டு மூன்று நாற்று வரும். உடனே பல்கருநிலை (ஒரே விதைக்குள் பல கரு) என்று எழுதிவிடாதீர்கள். கடையில் விதை என்று விற்பது பல கனிகள் ஒன்றாக ஒட்டிய உருண்டை. ஒவ்வொரு நாற்றும் தனித்தனி விதையிலிருந்து வந்தது.

பைன் காட்டுக்குப் போனால் கணக்கு மறுபடி மாறும். கொடைக்கானலில் பைன் மரத்தின் இலையில் 24 குரோமோசோம் என்றால் அதன் கருவூணில் 36 அல்ல, 12. பைன் போன்ற ஜிம்னோஸ்பெர்மின் கருவூண் கருவுறுதலுக்கு முன்பே உருவாகிவிடுகிறது. அதுதான் பெண் கேமீட்டகத் தாவரம். இரட்டைக் கருவுறுதலுக்கு அங்கே வேலையில்லை. கீழே கிடக்கும் கூம்பைக் கனி என்று எழுதுவதும் தவறு, சூற்பை இல்லாமல் கனி ஏது?

சொல்லிலும் ஒரு வில்லங்கம். தாவரவியலில் கருப்பை என்றால் சூலுக்குள் இருக்கும் ஏழு செல், எட்டு உட்கரு கொண்ட அமைப்பு. விலங்கியலில் கருப்பை என்றால் குழந்தை வளரும் உறுப்பு. இரண்டு தாள்களையும் ஒரே வாரத்தில் படிப்பவர்கள் ஒன்றின் வரையறையை மற்றொன்றில் எழுதிவிடுகிறார்கள். அதேபோல சூலகம், சூற்பை, சூல் மூன்றும் ஒன்றல்ல: சூலகத்தின் அடிப்பகுதி சூற்பை, அதற்குள் இருப்பது சூல். சூற்பை கனியாகும், சூல் விதையாகும்.

நூறு விதை உருவாக எத்தனை குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணைப் பாதியாக்கும் பகுப்பு) தேவை என்ற கேள்விக்கு 200 என்றும் 100 என்றும் வருகிறது. 125தான். ஒரு மகரந்தத் தாய் செல்லிலிருந்து நான்கு மகரந்தத்தூள், எனவே ஆண் பக்கம் 25. பெண் பக்கம் நான்கில் மூன்று அழிந்து ஒன்றுதான் மிஞ்சும், எனவே 100.

நட்டதெல்லாம் உடல இனப்பெருக்கம் இல்லை

மலையில் சௌசௌவை முழுக் காயாகத்தான் நடுவார்கள். விதை எடுத்து விதைப்பதில்லை. அதைப் பார்த்துப் பழகியவர்கள் உடல இனப்பெருக்கத்துக்கு உதாரணமாக சௌசௌவை எழுதுகிறார்கள். முற்றிய காயை நெடுக்கே பிளந்தால் நடுவில் தட்டையான ஒரே ஒரு விதை. பல காய்களில் அது உள்ளேயே முளைவிட்டு, தளிர் காயின் முனையைப் பிளந்துகொண்டு எட்டிப்பார்க்கும். இது விவிபேரி, தாய்ச் செடியில் இருக்கும்போதே விதை முளைப்பது. அந்த விதை மகரந்தச்சேர்க்கையால் வந்தது, பாலினப் பெருக்கம்தான். காய் வெறும் பொட்டலம்.

உருளைக்கிழங்கு நேர்மாறு. அது வேரும் அல்ல, விதையும் அல்ல, தண்டு. கண் என்பது கணுவில் உள்ள மொட்டு. ‘விதைக்கிழங்கு’ என்ற பேச்சு வழக்கை நம்பி விடையில் விதை என்று எழுதக்கூடாது. ஒரே ரகத்தின் கிழங்கை நட்ட வயல் முழுக்க ஒரே மரபணு அமைப்பு. ஒன்றைத் தாக்கும் கருகல் நோய் எல்லாவற்றையும் தாக்கும். உருளைக்கும் உண்மையான விதை உண்டு. பூத்த பிறகு சின்னத் தக்காளி போல் பச்சையாக ஒரு காய் பிடிக்கும், அதற்குள். கொடைக்கானல் மலைப்பூண்டும், துண்டு வைத்து வளர்த்த தேயிலையும் நகல்கள்தான். விதையிலிருந்து வந்த பழைய தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு புதரும் வேறு வேறு.

ஓரில்லச் செடியில் தன் மகரந்தச்சேர்க்கை நடக்காது என்பது அரைகுறை விடை. சௌசௌவில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி, ஆனால் ஒரே கொடியில். ஒரே பூவுக்குள் நடக்காது, சரி. பக்கத்துக் கணுவின் ஆண் பூவிலிருந்து தேனீ எடுத்துவரும் மகரந்தமும் அதே கொடியுடையதுதானே! அது கேய்ட்டினோகேமி, ஒரே செடியின் வேறு பூவிலிருந்து வரும் மகரந்தச்சேர்க்கை. பூச்சி தேவைப்படுவதால் பார்வைக்கு அயல், மரபணுக் கணக்கில் தன். இரண்டையும் தடுப்பது ஈரில்லம், அதாவது ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு செடிகளில் இருப்பது.

இருபால் பூ என்றவுடன் தன் மகரந்தச்சேர்க்கை என்று எழுதுபவர்களுக்குக் கீழ்ப்பழனி மலையின் வெண்ணெய்ப் பழ மரம் நல்ல பதில். பூ ஒவ்வொன்றிலும் மகரந்தத்தாளும் சூலகமும் இருக்கின்றன, ஆனால் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. ஏ வகை மரத்தில் பூ முதல் நாள் காலை பெண்ணாகத் திறந்து மூடிக்கொள்ளும். மறுநாள் பிற்பகல் ஆணாகத் திறக்கும். பி வகையில் முதல் நாள் பிற்பகல் பெண், மறுநாள் காலை ஆண். மரத்தின் பூக்கள் பெரும்பாலும் ஒன்றாகவே மாறுவதால் தோப்பில் இரண்டு வகையும் கலந்திருந்தால்தான் காய்ப்பு நன்றாக இருக்கும்.

பட்டாணிக் காய்க்குள் யார்

மெண்டல் பாடத்தில் அதிகம் தடுமாறும் இடம் இது. அவர் எடுத்த ஏழு பண்புகளில் விதையின் வடிவமும் விதையிலையின் நிறமும் பிள்ளையின் பண்புகள். செடியின் உயரம், பூவின் நிறம், காயின் வடிவம் எல்லாம் அந்தச் செடியின் சொந்தப் பண்புகள். எஃப்1 (கலப்பின் முதல் தலைமுறை) செடியில் தொங்கும் காயைப் பிளந்தால் உள்ளே இருப்பது எஃப்1 அல்ல, எஃப்2. மஞ்சளும் பச்சையும் ஒரே காய்க்குள் கலந்து கிடப்பது அதனால்தான். மெண்டலுக்கு 6,022 மஞ்சள், 2,001 பச்சை கிடைத்தது இப்படி, அடுத்த பருவம் விதைக்காமலே. உயரத்துக்கு அப்படி முடியாது. விதைத்து வளர்த்துத்தான் 787 நெட்டை, 277 குட்டை என்று எண்ண முடிந்தது. காய்த்தோலும் விதையுறையும் எஃப்1 செடியின் திசு.

ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிய பச்சைப் பட்டாணியை உரித்துவிட்டு ‘எல்லாம் பச்சை, எனவே ஒடுங்கு பண்பு’ என்று முடிவு கட்டக்கூடாது. பிஞ்சில் எல்லாமே பச்சைதான். முற்றிக் காய்ந்த பிறகே விதையிலை மஞ்சளா பச்சையா, விதை உருண்டையா சுருக்கமா என்று சொல்ல முடியும்.

எட்டு விதை உள்ள ஒரு காயில் ஆறும் இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அப்படி அச்சாக வர வாய்ப்பு 31 சதவீதம்தான். எட்டும் மஞ்சளாக இருக்கவே 10 சதவீத வாய்ப்பு உண்டு. 3:1 என்பது ஆயிரக்கணக்கில் எண்ணும்போது தெளிவது.

செய்முறையில் கலப்பு செய்பவர்கள் மலர்ந்த பூவில் மகரந்தத்தாளைப் பிடுங்கினால் நேரம் கடந்துவிட்டது. பட்டாணியில் மகரந்தப்பை மொட்டிலேயே வெடித்துவிடும். இதழ் புல்லியைத் தாண்டி நீளத் தொடங்கிய மொட்டில், படகிதழை ஊசியால் கீறி, ஒன்பதும் ஒன்றுமாகப் பத்து மகரந்தத்தாளையும் எடுக்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் கிடைப்பது கலப்பல்ல. முடித்ததும் பையால் மூடிக் கட்டுங்கள்.

ஊட்டியில் நீலமாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியாவும் இளஞ்சிவப்பாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியாவும் முழுமைபெறா ஓங்குத்தன்மைக்கு (கலப்பில் இடைப்பட்ட நிறம் வருவதற்கு) உதாரணம் அல்ல. ஒரே செடியின் துண்டுகளை அமில மண்ணில் வைத்தால் நீலம், சுண்ணாம்பு போட்ட மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பு. அமில மண்ணில் அலுமினியம் வேருக்குக் கிடைப்பதுதான் வித்தியாசம். மரபணு ஒன்றே, புறத்தோற்றம் வேறு. அந்தி மந்தாரையின் 1:2:1 வேறு விஷயம்.

குறிஞ்சி விஷயத்திலும் தலைமுறையைக் கேளுங்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி என்றால் ஒரே செடி திரும்பத் திரும்பப் பூக்கிறது என்று தோன்றும். நீலக்குறிஞ்சி ஒரே முறை பூத்து, விதை கொடுத்து, மடிந்துவிடும். கொடைக்கானலில் 2018-ல் பூத்தவை 2006-ல் பூத்தவற்றின் பிள்ளைகள்.

பாட்டியின் வயிற்றில்

அண்டகத்திலிருந்து விடுபடுவது முதிர்ந்த அண்டம் என்று எழுதினால் அரை மதிப்பெண் போகும். விடுபடுவது இரண்டாம் நிலை அண்ட செல், மெட்டாஃபேஸ் II-ல் நின்றபடி. விந்தணு நுழைந்த பிறகுதான் இரண்டாவது குன்றல் பகுப்பு முடிகிறது. கருவுறாவிட்டால் அந்தப் பகுப்பு முடிவதே இல்லை.

பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் முதல்நிலை அண்ட செல்கள் உருவாகி, புரோஃபேஸ் I-ல் உறைந்துவிடுகின்றன. அதாவது உங்களுக்குக் காரணமான அந்த செல், உங்கள் அம்மா பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே பகுப்பைத் தொடங்கிவிட்டது. விந்தணு உற்பத்தியோ பருவமடைந்த பிறகுதான். ‘இரண்டும் பருவ வயதில் தொடங்கும்’ என்ற ஒற்றை வரி விடை இதனால்தான் தவறு.

எல்லோருக்கும் 14-ஆம் நாளில் அண்டம் விடுபடும் என்பதும் அப்படியே. ஓரளவு நிலையாக இருப்பது பிந்தைய பாதி. அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி ஏறத்தாழ 14 நாள் எண்ண வேண்டும். 35 நாள் சுழற்சியில் அது 21-ஆம் நாள் வாக்கில் வரும்.

நான்கில் ஒன்று

அரிவாள் செல் பண்பு இந்தியாவில் முதலில் பதிவானது நீலகிரியின் பழங்குடி மக்களிடையே, 1952-ல், லேமன், கட்புஷ் என்ற இருவரால். எனவே மலை மாணவர்களுக்கு இது வெறும் பாடப்புத்தக உதாரணம் அல்ல. தெளிவாகப் படிக்க வேண்டியது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்காருகிறது. கொசுவோ மலேரியாவோ இந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. தற்செயலாக வந்த மாற்றம், மலேரியா உள்ள இடங்களில் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு (கடத்திகளுக்கு) பாதுகாப்பு தந்ததால் நிலைத்தது.

ஓங்கா, ஒடுங்கா என்ற கேள்விக்கு எந்த மட்டத்தில் என்று சொல்லாமல் விடை கிடையாது. நோயாகப் பார்த்தால் ஒடுங்கு. மின்புலத்தில் பிரித்துப் பார்த்தால் கடத்தியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ, எஸ் இரண்டும் தெரியும். அங்கே இணை ஓங்கு. கரைதிறன் சோதனை எஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், கடத்தியா நோயாளியா என்று பிரிக்காது. கடத்தி நோயாளி அல்ல என்பதைத் தனியாக எழுதுங்கள்.

பெற்றோர் இருவரும் கடத்திகள் என்றால் ‘நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் வரும்’ என்பது மிகப் பரவலான தவறு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நான்கில் ஒன்று வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவர் தப்பித்தார்கள் என்று ஆகாது. நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கும் வராமலிருக்க வாய்ப்பு 256-ல் 81, ஏறத்தாழ 32 சதவீதம்.

இதே குடும்பத்தில் நோயில்லாத அண்ணன் கடத்தியாக இருக்க வாய்ப்பு என்ன? நான்கில் இரண்டு, அதாவது பாதி என்று கை தானாக எழுதும். ஆனால் நோயில்லை என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. நான்கு கட்டங்களில் நோய்க்கட்டத்தை அடித்துவிடுங்கள். மிச்சம் மூன்று, அதில் கடத்தி இரண்டு. விடை மூன்றில் இரண்டு.