தேசிய மாதிரி விசாரணைப் போட்டி: குறுக்கு விசாரணைக்குத் தயாராவது எப்படி?

சாட்சிகளை விசாரித்து ஒரு கற்பனை வழக்கை நடத்தும் போட்டிக்கு அணி சேர்ந்துவிட்டது, வழக்குக் கட்டும் (வழக்கின் ஆவணங்கள்) கைக்கு வந்துவிட்டது. மூட் கோர்ட்டில் (சாட்சிகள் இல்லாமல் சட்டத்தை மட்டும் வாதிடும் போட்டி) பழகியவர்கள் இந்த இடத்தில் உடனே தீர்ப்புகளைத் தேட உட்கார்ந்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். சாட்சி மூலம் பதிவாகாத எதையும் இறுதி வாதத்தில் பேச முடியாது. அதனால் முதல் வாரம் முழுக்க உண்மைகளுக்குத்தான்.

படி 1: கட்டைப் பிரியுங்கள்

முதல் தகவல் அறிக்கை, போலீஸ் வாக்குமூலங்கள், மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்தோ பொருளைக் கைப்பற்றியோ எழுதும் குறிப்பு), மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் அச்செடுங்கள். திரையில் படித்தால் முரண்பாடு கண்ணில் படாது என்பது என் உறுதியான கருத்து. பிறகு கூகுள் ஷீட்ஸில் ஒரே ஓர் அட்டவணை: நேரம், வெளிச்சம், தூரம், ஆயுதம் என்று ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு பத்தி. கட்டத்துக்குள் சாட்சி சொன்ன வார்த்தையை அப்படியே போட்டு, பக்கமும் வரியும் குறியுங்கள். சுருக்கி எழுதினால் பின்னால் பயன்படாது. ஏன் என்பது படி 4-ல் புரியும்.

படி 2: இறுதி வாதத்தை முதலில் எழுதுங்கள்

அரைப் பக்கம் போதும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அது எந்தச் சாட்சி வாயிலாக வர வேண்டும் என்று எழுதுங்கள். பெயர் போட முடியாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். பெரும்பாலான போட்டிகளில் இரு தரப்பும் ஆட வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு வாதங்களையும் எழுதுங்கள்.

படி 3: முதல் விசாரணை

உங்கள் தரப்புச் சாட்சியை நீங்களே விசாரிப்பது இது. யார், எங்கே, எப்போது, என்ன பார்த்தீர்கள், அவ்வளவுதான். பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டால் எதிர்த் தரப்பு ஆட்சேபிக்க எழுந்துவிடும் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம், அதாவது புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 146).

படி 4: முரண்பாட்டைப் பதிவு செய்தல்

எங்கள் அணிக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். நல்ல அணிகளும் இங்கேதான் திணறுகின்றன. ஓர் உதாரணம். போலீஸ் வாக்குமூலத்தில் சாட்சி, ‘இருட்டாக இருந்ததால் முகம் தெரியவில்லை’ என்கிறார். கூண்டில் ஏறியதும், ‘தெரு விளக்கு வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன்’ என்கிறார். நீங்கள் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வழக்கறிஞர்.

முதலில் இன்றைய பேச்சை உறுதி செய்யுங்கள்: ‘தெரு விளக்கு வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்ததாகச் சொன்னீர்கள், சரிதானே?’ அடுத்து, ‘போலீஸ் உங்களை விசாரித்தார்களா? நடந்ததைச் சொன்னீர்களா?’ அதன் பிறகு அந்த வாக்கியத்தை மட்டும், ஓர் எழுத்து மாறாமல் படித்துக் காட்டுங்கள். சாக்ஷ்ய அதிநியத்தின் பிரிவு 148 கேட்பது இதைத்தான்: எந்தப் பகுதியை வைத்து முரண்படுத்தப் போகிறீர்களோ, அதைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். ‘முன்னுக்குப் பின் முரணாகச் சொல்கிறீர்கள்’ என்று மொத்தமாகச் சொன்னால் எதுவும் பதிவாகாது.

‘ஆம், அப்படிச் சொன்னேன்’ என்றால் முரண்பாடு அங்கேயே நிரூபணமாகிவிட்டது. ‘சொல்லவில்லை’ என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. புலன் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது, ‘இந்தச் சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா?’ என்று கேட்டு அவர் ஒப்புக்கொண்ட பிறகே அது நிரூபணம். வி.கே. மிஸ்ரா வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம் இந்த வரிசையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

போட்டியில் இந்தச் சங்கிலி அறுவதற்குக் காரணம் எளிது. நேரில் பார்த்த சாட்சியை ஒருவர் குறுக்கு விசாரணை செய்வார், அதிகாரியை இன்னொருவர். முதலாமவர் பெற்ற மறுப்பு இரண்டாமவருக்குப் போய்ச் சேராது. ஆகவே ஒரு மஞ்சள் தாளில் சாட்சி பெயர், மறுத்த வாக்கியம், பக்க எண் ஆகியவற்றை எழுதி அந்த நிமிடமே கைமாற்றுங்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். போலீஸ் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. ‘இது உங்கள் கையெழுத்தா?’ என்று நீட்டாதீர்கள். அரசுத் தரப்பு தன் சாட்சி சொன்னதற்கு வலுச் சேர்க்க இந்த வாக்குமூலத்தைப் பயன்படுத்த முடியாது. முரண்படுத்தக்கூட நீதிமன்ற அனுமதி வேண்டும். எதிரி தரப்புச் சாட்சியை இதை வைத்து மடக்கவும் முடியாது (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 181). முக்கியமாக, மறுப்போ ஒப்புதலோ வந்தவுடன் நிறுத்துங்கள். ‘பின் ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்?’ என்ற கேள்வி, விளக்கம் சொல்ல நீங்களே கதவைத் திறந்துவிடுவது.

படி 5: உங்கள் தரப்புக் கதையை முன்வைத்தல்

தமிழ்நாட்டு விசாரணை நீதிமன்றச் சாட்சியங்களில் வரிக்கு வரி ‘என்றால் சரியல்ல’ என்று முடிவதைப் பார்த்திருப்பீர்கள். ‘முன்விரோதத்தால் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.’ வழக்கறிஞர் தன் தரப்புக் கதையைக் கேள்வியாக முன்வைக்க, சாட்சி அதை மறுத்ததன் பதிவு இது. சாட்சி மறுப்பார் என்று தெரிந்தேதான் கேட்கிறோம். கேட்காமல் விட்டால், ‘இதைச் சாட்சியிடம் கேட்டீர்களா?’ என்று இறுதி வாதத்தில் நீதிபதி கேட்கும்போது பதில் இருக்காது. ஒரு நாள் அமர்வு நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து கவனியுங்கள். எந்தக் காணொளியும் அதற்கு ஈடாகாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர், வழக்குக் கட்டில் பழைய தேதிகள் இருந்தால் எந்தச் சட்டம் என்று கேட்டிருந்தார்கள். மேலே சொன்ன இரண்டு புதிய சட்டங்களும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. அன்றைக்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைக்குப் பழைய சாட்சியச் சட்டம்தான். அங்கே பிரிவு 148-க்குப் பதில் 145, பிரிவு 181-க்குப் பதில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162. இரண்டு எண்களையும் அட்டவணையின் மேல் வரிசையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.