மூடாக்கு போடலாம், அடிமரத்தை மூடக் கூடாது

மலேசியாவில் எங்கள் தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத்தில், மண் காயாமலிருக்க மேலே பரப்பும் மூடாக்குக்குப் பஞ்சமே இல்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) மில்லில் பழம் உதிர்த்துவிட்டு ஒதுக்கும் காலிக் குலை, வெட்டிப் போட்ட ஓலை, தேங்காய் மட்டை, மரத்தூள், தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) புல் வெட்டுகிறவர் விட்டுப்போகும் புல் என்று கேட்ட இடத்தில் கிடைக்கும். சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி அள்ளிப் போட்டுவிடுகிறோம். வீட்டுப் பாத்திகளில் நான் பார்க்கும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதனால் வருபவைதான்.

முதல் தவறு, அடிமரத்தைச் சுற்றிக் குன்று மாதிரி குவிப்பது. எங்கள் வரிசையில் ஒரு அக்கா வீட்டுக் கறிவேப்பிலை மரம் இலை வெளுத்து, நுனிக் கிளை காய்ந்துகொண்டே வந்தது. "உரம் பத்தலையோ தம்பி?" என்று கேட்டார். அடியில் முழங்கால் உயரத்துக்குத் தேங்காய் மட்டைத் தூள். அதைக் கையால் விலக்கிப் பார்த்தால், ஒரு பக்கப் பட்டை கறுத்து நகம் பட்டாலே உரிந்து வந்தது. உள்ளே புளித்த வாடை. தண்டிலிருந்தே வெள்ளை வெள்ளையாய்ச் சல்லி வேர் கிளம்பி மட்டைத் தூளுக்குள் ஓடியிருந்தது. வேருக்கு ஈரம் வேண்டும், பட்டைக்குக் காற்று வேண்டும். பட்டையை எந்நேரமும் ஈரத்தில் ஊறப் போட்டால் பூஞ்சணம் பிடித்து அழுகும். பட்டை ஒரு சுற்று முழுக்கப் போய்விட்டால் இலை செய்த உணவு வேருக்கு இறங்க வழியில்லை, மரம் செத்துவிடும். அக்கா மரத்தில் மறுபக்கப் பட்டை பச்சையாக இருந்ததால் தப்பித்தது. அடியைத் திறந்து காயவிட்டதும் அந்தப் பக்கம் துளிர் வந்தது.

செம்பருத்தி, மல்லிகை, துளசி போன்ற செடிகளுக்குத் தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடுங்கள். மரம் என்றால் ஒரு சாண். அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது கனம். இரண்டு அங்குலம் போதும், கரடுமுரடான மரச் சீவல் என்றால் மூன்று வரை போகலாம். நம் பக்கம் பெரும்பாலும் கடலோரக் களிமண், தண்ணீர் சீக்கிரம் இறங்காது. அக்டோபர், நவம்பர் மழையில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் மண்ணின் மேல் அரை அடிக்குக் குவித்தால் வேர் மூச்சுத் திணறும். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். மண் பிசுபிசுப்பாக, சாக்கடை வாடையோடு வந்தால் மூடாக்கை விலக்கிவிட்டு நாலு நாள் வெயில் காட்டுங்கள். வடிகால் இல்லாத பாத்தியாக இருந்தால் முதலில் மேட்டுப் பாத்தி கட்டுங்கள், மூடாக்கு அப்புறம்.

அதே நேரம், நம் வெக்கைக்கும் மழைக்கும் எதுவும் சீக்கிரம் மட்கிவிடும். அதனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் சரி. பழையது எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் தீபாவளிக்கு ஒரு லோடு, பொங்கலுக்கு ஒரு லோடு என்று மேலே மேலே கொட்டாதீர்கள். பழையது இறுகிப்போயிருந்தால் கிளறிவிடுங்கள். இறுகிய மூடாக்கின் மேல் விழும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், மண் காய்ந்தே கிடக்கும்.

காலிக் குலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நல்ல பொருள் அது. பொட்டாஷ் சத்து நிறைய உண்டு. ஆனால் செம்பனைத் தோட்டத்தில் அதை எப்படிப் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். மரங்களுக்கு நடுவே ஒரே அடுக்காகப் பரப்புவார்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏற்றமாட்டார்கள். குவியலாகக் கிடந்து மட்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். குவியலைக் கிளறினால் கட்டைவிரல் மொத்தத்தில், வெள்ளையாக, வளைந்து சுருண்ட புழு கிடக்கும். அது வண்டானதும் நேரே தென்னையின் குருத்தைத் துளைக்கும். பிறகு அந்த ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோணமாக வெட்டு விழுந்திருக்கும். உங்கள் வீட்டுக் குவியலில் பிறந்த வண்டு பக்கத்து வீட்டுத் தென்னையையும், எதிரே இருக்கும் செம்பனையையும் விடாது. ஆகவே குலையைப் பிய்த்து மெல்லிசாகப் பரப்புங்கள். மிச்சத்தை மூலையில் சேர்த்து வைக்காதீர்கள். ஓலைக் குவியலும் அப்படித்தான். எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

தேங்காய் மட்டையையும் சிரட்டையையும் கவிழ்த்துப் போடுங்கள். மல்லாந்து கிடந்தால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு வளரும். நம் வெக்கையில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டிங்கி வந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் அந்த வேதனை தெரியும்.

மரத்தூளைப் பச்சையாக மண்ணில் கொத்திக் கலக்காதீர்கள். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மேலாக மெல்லிசாகத் தூவினால் அவ்வளவு பாதிப்பில்லை.

வெட்டிய புல்லை அன்றைக்கே மொத்தமாகப் போட்டால் உள்ளே சூடேறி, வழவழப்பாகி நாறும். இரண்டு மூன்று நாள் காயவைத்துப் போடுங்கள். போடுமுன் புல் வெட்டியவரிடம், களைக்கொல்லி அடித்த இடமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை இருந்தாலும் வேறு மருந்துகள் அடிக்கத்தான் செய்கிறார்கள், சிலவற்றின் மிச்சம் தக்காளி, மிளகாய் இலையைச் சுருட்டிவிடும். லாலாங் என்ற களைப்புல்லின் வேரோடு கலந்து வந்த புல்லைத் தொடவே தொடாதீர்கள். ஒரு துண்டு வேர் போதும், பாத்தி முழுக்கப் பரவிவிடும்.

களை வராமலிருக்க உரச் சாக்கையோ பிளாஸ்டிக்கையோ விரித்து அதன் மேல் மூடாக்குப் போடுவது பலர் செய்வது. வேண்டாம். தண்ணீரும் காற்றும் சரியாக இறங்காது, மேலே மட்கியது கீழே மண்ணில் சேராது. களையை முதலில் வேரோடு பிடுங்கிவிட்டு மூடாக்குப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. வெள்ளைக் கூழாங்கல் பார்க்க அழகுதான், மத்தியான வெயிலில் சுடும், மண்ணுக்கும் ஒன்றும் தராது.

வீட்டுச் சுவரை ஒட்டியும் போடாதீர்கள். ஓர் அடி தள்ளியே நிறுத்துங்கள். ஈரமான மரச் சீவலின் அடியில் கரையான் மறைந்து சுவர் ஏறும், கதவு நிலை உளுத்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். அந்த ஓர் அடியை வெறுமையாக விட்டால், கரையான் சுவரில் கட்டும் மண் கோடு பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும்போதே கண்ணில் பட்டுவிடும்.